மொட்டை மாடி சோலார்: பில்லுக்கு மட்டும்தானா, பூமிக்கும் ஏதாவது உண்டா? (வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்)

சத்துவாச்சாரி_மாடிவீடு

மாடியில 3 கிலோவாட் சோலார் போடலாம்னு இருக்கேன். மானியம், லோன், போட்ட காசு எத்தனை வருஷத்துல திரும்பும், இதெல்லாம் பழைய இழைகள்ல அலசி முடிச்சாச்சு. அதைத் திரும்ப இழுக்கல. என் சந்தேகம் வேற.

என் மச்சான் ஒரே அடியா அடிக்கிறான்: "மாமா, சோலார் போட்டா உங்க பில் குறையும், அத்தோட சரி. ராத்திரி ரெண்டு ஏசி ஓடுதே, அதுக்கு மேட்டூர்லயோ வடசென்னையிலயோ நிலக்கரி எரிஞ்சுதான் ஆகணும். காலநிலை, பூமின்னு பெருமை பேசாதீங்க." இதுல எவ்வளவு உண்மை? கணக்கு தெரிஞ்சவங்க சொல்லுங்க. "நம்ம கடமை" ரக பதில் வேணாம், அது வாட்ஸ்அப்ல தினமும் வருது.

காட்பாடி_ஜங்ஷன்

கணக்குதானே, இந்தாங்க.

நம்ம பக்கம் 1 கிலோவாட் பேனல் சராசரியா ஒரு நாளைக்கு 4 யூனிட் கொடுக்கும். 3 கிலோவாட்னா 12. ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டம், தூசி எல்லாம் கழிச்சாலும் வருஷத்துக்கு 4,200 யூனிட்டுக்குப் பக்கத்துல வரும். இந்திய கிரிட்ல (நாட்டோட மின்தொகுப்பு) ஒரு யூனிட்டுக்குச் சராசரியா 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகுது. மத்திய மின்சார ஆணையம் வருஷா வருஷம் வெளியிடற கணக்கு இது. பெருக்கிப் பாருங்க, ஏறக்குறைய 3 டன். ஒரு சராசரி இந்தியர் வருஷத்துக்கு வெளியிடறது 2 டன் அளவுதான். அப்ப உங்க மாடி ஒன்றரை ஆளோட கணக்கைச் சரிக்கட்டுது.

பகல்ல வீட்ல யாரும் இல்லைன்னாலும் அந்த யூனிட் வீணாகாது. நெட் மீட்டர் (நீங்க எடுத்ததையும் கொடுத்ததையும் கழிச்சுக் கணக்குப் பார்க்கிற மீட்டர்) வழியா வெளிய போய் அதே டிரான்ஸ்ஃபார்மர்ல இருக்கிற மாவு மில்லோ, துணிக்கடையோ இழுத்துக்கும். அந்த அளவுக்கு எங்கயோ ஒரு அனல் நிலையம் குறைச்சு எரிச்சா போதும்.

"பேனல் செய்யறதுக்கே எவ்வளவு கரண்ட் செலவு"ன்னு அடுத்து யாராவது வருவாங்க, முன்னாடியே சொல்லிடறேன். சிலிக்கான் உருக்கறதுல இருந்து கடைசியில கழட்டிப் போடறது வரைக்கும் எல்லாம் சேர்த்தாலும் சோலார் யூனிட்டுக்கு 40, 50 கிராம்தான். நிலக்கரிக்கு 800 கிராமுக்கு மேல.

வெயிலூரான்

ஜங்ஷன் சொன்ன 4 யூனிட் சரி. ஆனா நம்ம ஊர் வெயிலை நம்பி 5, 6 யூனிட் வரும்னு ஒரு கம்பெனிக்காரர் எங்க தெருவுல சொல்லி வித்துட்டுப் போனார். அந்த வலையில விழாதீங்க. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்ல. பேனல் மேல ஒட்டியிருக்கிற அளவு 25 டிகிரியில எடுத்தது. அதுக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி இறங்கும். மே மாசம் வெளிய 42 டிகிரின்னா, பேனல் உடம்பு 65, 70க்குப் போயிடும். தொட்டா கை பொத்துக்கும். அந்த நேரத்துல 15 சதவீதம் வரை அடி.

நல்லா ஓடற மாசம் மாசி, பங்குனி. வானம் சுத்தம், சூடு இன்னும் ஏறியிருக்காது. அக்னி நட்சத்திரத்துல தான் அதிகம் வரும்னு எதிர்பார்த்து இன்வெர்ட்டர் ஆப்பைப் பார்த்தீங்கன்னா ஏமாந்து போவீங்க.

அதனால தளத்தோட ஒட்டி வைக்காதீங்க. ஆள் நடமாடற உயரத்துக்கு ஸ்ட்ரக்சர் போட்டு அடியில காத்து போகவிடுங்க. கொஞ்சம் செலவு கூடும். ஆனா கீழ் ரூமும் குளிரும், வடாம் காயவைக்க இடம் போச்சேன்னு வீட்டம்மா சண்டைக்கும் வரமாட்டாங்க.

பாலாற்றங்கரை

மாடிவீடு சார், உங்க மச்சானை அவ்வளவு சுலபமா தள்ளிவிட முடியாது. பாதி விஷயத்தைச் சரியாகத்தான் பிடிச்சிருக்கார்.

தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை இல்லாத உச்சம். தேதியைக் கவனியுங்கள்: அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பு. நம் மாநிலத்துக்கு காற்றாலை ஒரு பெரிய வரம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் எல்லாம் சேர்த்து 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியிருக்கிறோம். ஆனால் அந்தக் காற்று தென்மேற்குப் பருவத்தோடுதான் வரும். வைகாசிக் கடைசியில் எழுந்து, ஆடியில் அம்மியைப் பறக்கவிட்டு, புரட்டாசியில் அடங்கிவிடும். சித்திரையில் வேலூர் வேகும்போது முப்பந்தலில் இறக்கை சும்மா நிற்கும்.

ஆடி மாதம் சூரியன் போன பிறகும் காற்று ஓடுகிறது, ராத்திரியை ஓரளவு சமாளிக்கலாம். சித்திரையில் அந்த ஆதரவும் கிடையாது. பகலில் சூரியன் தாங்கிப் பிடிக்கும். ஆறரை மணிக்கு அது கையை விரித்துவிடும். ஏழு மணிக்கு மேல் வீட்டுக்கு வீடு ஏசி, மிக்ஸி, டிவி, தெருவிளக்கு. பகலெல்லாம் வெந்த தளம் ராத்திரி பதினொரு மணிக்கும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும், ஏசியை அணைக்க முடியாது. அந்த நாலைந்து மணி நேரத்துக்கு நிலக்கரியைத்தான் பெரிதும் நம்பி உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னொரு சிக்கல். அனல் நிலையத்தை ஸ்விட்ச் போட்டு அணைத்து ஏற்ற முடியாது. ராத்திரி முழு மூச்சில் ஓட வேண்டிய அனல் இயந்திரத்தைப் பகலில் அதன் திறனில் சுமார் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதுதான் பொதுவான வரம்பு. அதைக் குறைக்க முயற்சி நடக்கிறது. ஆக ஒரு கட்டத்துக்கு மேல் பகல் சோலாரைக் கூட்டிக்கொண்டே போனால் மதியத்தில் வாங்க ஆள் இருக்காது. அதற்காக உங்கள் 3 கிலோவாட் வீணில்லை, தாராளமாக உதவும். ஆனால் அடுத்த கேள்வி "எவ்வளவு பேனல்" என்பதல்ல, "எந்த நேரத்து கரண்ட்" என்பதுதான்.

சத்துவாச்சாரி_மாடிவீடு

இதை மச்சானுக்கு அனுப்பலாமா வேணாமான்னு யோசிக்கிறேன். பாதி சரின்னு சொன்னதை மட்டும் படிச்சுட்டு ஆடுவான். சரி, அப்ப பேட்டரி போட்டா?

வெயிலூரான்

வீட்டளவுல பேட்டரிக்கு அவசரப்படாதீங்க. நெட் மீட்டர் இருக்கிற வரைக்கும் கிரிட்தான் உங்க பேட்டரி. அதுவும் நம்ம ஊர்ல மாடிப்படிக்குக் கீழ, ஜன்னல் இல்லாத இடத்துல டியூபுலர் பேட்டரி வைப்பாங்க. சூட்டுல அதோட ஆயுசு பாதியாயிடும். லித்தியம் பரவாயில்ல, விலையும் இறங்கிட்டு வருது. ஆனா ராத்திரி ரெண்டு ஏசியைத் தாங்கற அளவு போட்டா சோலாருக்குக் கொடுத்த அதே காசை இன்னொரு தடவை எடுத்து வைக்கணும்.

பெரிய அளவுல தண்ணியை மேலேத்தி வச்சுக்கலாம். கோயம்புத்தூர் மாவட்டத்துல காடம்பாறையில 1980கள்லயே 400 மெகாவாட்டுக்குப் பண்ணி வச்சிருக்காங்க. கரண்ட் மிச்சமிருக்கும்போது கீழ் அணைத் தண்ணியை மேல ஏத்தி, பத்தாதப்ப திறந்து விடறது. நீலகிரியில குந்தாவுல 500 மெகாவாட் வேலை நடக்குது. நம்ம மாவட்டத்துல மலை இருக்கு, ஏத்தத் தண்ணிதான் இல்ல.

கொணவட்டம்_டீக்கடை

எல்லாரும் பெருசா பேசறீங்க. வேலூர்ல எப்பவும் வெயில்தான். எங்க தாத்தா காலத்துலயும் தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலைன்னுதான் சொன்னாங்க. இப்ப புதுசா என்ன காலநிலை மாறிப்போச்சு? அமெரிக்காக்காரன் காரும் ஏசியுமா வாழ்ந்துட்டு நம்ம தலையில கட்டறான்.

பாலாற்றங்கரை

அமெரிக்கா பற்றிச் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. அங்கே தலைக்கு வருஷம் 14 டன் அளவில் போகிறது, நாம் 2. ஆனாலும் மொத்தக் கணக்கில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து மூன்றாவது நாம்தான். நம் தலையில் யாரும் கட்டாமலே வந்து விழும் இடத்துக்கு வந்துவிட்டோம்.

தண்ணியில்லா ஆறு என்கிறீர்கள். 2021 நவம்பரில் அதே பாலாறு கரை கொள்ளாமல் போனதைப் பார்க்கவில்லையா? பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து ஒன்பது பேர் செத்தார்கள், நவம்பர் 19. அந்த ஒரு மழைக்குக் காரணம் காலநிலை மாற்றம்தான் என்று விரல் நீட்டிச் சொல்ல மாட்டேன், அதற்குத் தனி ஆய்வு வேண்டும். ஆனால் காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். இது பள்ளிக்கூட இயற்பியல். பல வருஷம் மணலாய்க் கிடந்து, ஒரே வாரத்தில் மொத்தத்தையும் கொட்டும் மழை இன்னும் கூடும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 2024தான் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட உலகச் சராசரி 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் வருஷம்.

கொணவட்டம்_டீக்கடை

அந்த வெள்ளத்தை மறப்பேனா சார். விரிஞ்சிபுரம் பக்கம் போய்ப் பாத்தவங்கள்ல நானும் ஒருத்தன். சரி, சொல்லுங்க.

மட்டுறுத்துநர்

கட்சி அரசியல் பேசிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. இலவச மின்சாரம் பற்றிப் பேசலாம், யார் கொடுத்தார்கள் என்ற சண்டை வேண்டாம்.

அணைக்கட்டு_கழனி

இன்னா சார், எல்லாரும் மாடி மாடின்னே பேசிக்கினு கீறீங்க. மாடி இல்லாதவன் கதையும் கொஞ்சம் கேளுங்க.

எனக்கு மூணு ஏக்கர். மல்லாட்டை, கொஞ்சம் நெல்லு, ஓரத்துல தென்னை. கெணறு காஞ்சு போய் அதுக்குள்ளாறயே போர் போட்டோம். அதுவும் எறங்கி இப்ப 800 அடி. 10 எச்.பி. மோட்டார். கரண்ட் ஃப்ரீதான், இல்லன்னு சொல்லல. ஆனா மும்முனை எப்ப வரும்னு காத்துக் கெடந்த காலம் இருக்குதே, அது எங்களுக்குத்தான் தெரியும். 2012ல வீட்டுக்கே பன்னெண்டு மணி நேரம் கட்டு. கழனிக்கு ராத்திரி ஒரு மணிக்கு வரும். டார்ச்சை எடுத்துக்கினு வரப்புல போனா கட்டுவிரியன் படுத்துக் கெடக்கும். அதுக்காகத்தான் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டோம். கரண்ட் வந்ததும் டக்குனு தானா எடுத்துக்கும். எங்க ஊர்ல எல்லா மோட்டாரும் அப்படித்தான். ஒரே செகண்டுல ஊரே எடுக்கும், லோ வோல்டேஜ் வந்து காயில் போயிடும். மடை திருப்ப ஆளில்லாம விடியறவரைக்கும் ஒரே பாத்தியில தண்ணி நின்னுக்கினு இருக்கும். அதுக்கப்புறம் மொபைல் ஸ்டார்ட்டர் வந்து கொஞ்சம் நிம்மதி.

இப்ப வேளாண் பொறியியல் துறையில சோலார் பம்ப் மானியத்துல தராங்க, 60, 70 சதவீதம் வரைக்கும். ஃப்ரீ சர்வீசுக்கு எழுதிப் போட்டு வருஷக்கணக்கா காத்துக்கினு இருக்கிறவனுக்கு அது வரம். கையில ஃப்ரீ சர்வீஸ் வச்சிருக்கிறவன் எதுக்குக் காசு போட்டு வாங்கணும்? அதுவும் 800 அடியில இருந்து தூக்கறதுக்கு ஒத்து வருமான்னு கேட்டா, தண்ணி விரல் தடிக்குத்தான் வரும்னு ஒருத்தர் சொன்னாரு.

ஆனா ஒண்ணு. சூரியன் கீற நேரத்துல மோட்டார் ஓடறதுதான் எங்களுக்கும் நல்லது. பகல்ல கழனியில இருப்போம், மடை திருப்புவோம். இத யாரும் எங்களக் கேக்கறதில்ல.

பாலாற்றங்கரை

இந்த இழையில் இதுவரை வந்ததில் முக்கியமான பதிவு இதுதான் என்பேன்.

தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கு மேல் இலவச விவசாய இணைப்புகள். அந்த மோட்டார்கள் விளக்கு மாதிரி இல்லை, குறிப்பிட்ட மணிக்கு எரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நெல்லுக்குத் தண்ணி பதினொரு மணிக்குப் பாய்ந்தால் என்ன, இரண்டு மணிக்குப் பாய்ந்தால் என்ன. அவ்வளவு பெரிய சுமையைப் பகல் பத்திலிருந்து மூன்றுக்குள் நகர்த்த முடிந்தால், ஒரு பேட்டரிகூட வாங்காமல் சோலாரை அப்படியே விழுங்கிவிடலாம். ராத்திரி அனல் நிலையத்தின் பாரமும் அந்த அளவுக்கு இறங்கும்.

அதற்கு ஒவ்வொரு கழனியிலும் பேனல் நட வேண்டியதில்லை. விவசாய ஃபீடரை (துணைமின் நிலையத்திலிருந்து கழனிகளுக்குப் போகும் மின்பாதை) தனியாகப் பிரித்து, துணைமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே சோலார் போட்டு அந்த ஃபீடரைப் பகலில் ஓட்டுவது. 2019ல் வந்த மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவே வைத்தார்கள். பெரிய சோலார் ஏலங்களில் யூனிட் விலை இரண்டரை ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. இலவச மின்சாரத்துக்கு அரசு மானியமாகக் கட்டும் தொகையோடு ஒப்பிட்டால் இதில் யாருக்கும் நஷ்டமில்லை. விவசாயிக்குப் பகல் கரண்ட், வாரியத்துக்குச் செலவு மிச்சம், காற்றில் கரி குறைவு. மாடி சோலாருக்கு ஓடும் விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்கு ஓடவில்லை, ஏனென்றால் இதில் விற்பதற்குப் பொருள் இல்லை.

குடியாத்தம்_அக்கா

பாலாற்றங்கரை தம்பி சொல்றது கேக்க இனிப்பா இருக்கு. ஆனா தண்ணி எங்கப்பா?

பகல்ல தடையில்லாம கரண்ட்டுன்னா பகல் பூரா மோட்டார் ஓடும். சோலார் பம்புன்னா இன்னும் மோசம், சூரியனுக்கு மீட்டர் இல்ல, பில்லும் இல்ல. மிச்சமாகற தண்ணியை விக்கறவன் விப்பான், கரும்பு போடாதவன் கரும்பு போடுவான். நம்ம மாவட்டத்துல பாதிக்கு மேல நிலத்தடி நீரை வரம்பு மீறி உறிஞ்சின ஃபிர்காதான். கீழ இருக்கிறது கருங்கல் பாறை, விரிசல்ல இருக்கிற தண்ணிதான், அள்ள அள்ள ஊற அது மணல் இல்ல. 1970கள்லயே கேம்பிரிட்ஜ்லயும் சென்னைப் பல்கலைக்கழகத்துலயும் இருந்து வந்து வட ஆற்காட்டு கிராமங்கள்ல பசுமைப் புரட்சியை ஆராய்ஞ்சாங்க. அப்பவே இங்க எல்லாம் கிணத்தையும் பம்ப்செட்டையும் நம்பித்தான் நிக்குதுன்னு தெரிஞ்சு போச்சு. அன்னைக்கு ஏத்தம் கட்டி இறைச்ச கிணறு. இன்னைக்கு 800 அடி போர், அதுலயும் கம்ப்ரசர் வச்சு ஊதி எடுக்கறாங்க.

கரியைக் குறைக்கறேன்னு சொல்லி தண்ணியை முடிச்சுடாதீங்க.

அணைக்கட்டு_கழனி

அக்கா சொல்றது நெசந்தான். ஆனா ஃப்ரீயா குடுக்கிறப்ப எவன் மோட்டாரை அணைப்பான்? ஒரு வழி கீது. எனக்கு வருஷத்துக்கு இவ்வளவு யூனிட்னு வச்சு, அதுல நான் மிச்சம் பண்றதுக்குக் காசு குடுங்க. சொட்டு நீர் போட்டு மிச்சம் பண்ணிக் காட்டறேன். நெல்லை விட்டுட்டு கேழ்வரகு கூட போடுவேன். பேனலே என் நிலத்துல இருந்து, மிச்ச கரண்ட்ட ஈ.பி. வாங்கிக்கும்னா இன்னும் நல்லது. தண்ணி இறைக்கிறத விட கரண்ட் விக்கிறதுல துட்டு வந்தா எவன் சார் இறைப்பான்?

குடியாத்தம்_அக்கா

இதுக்கு நான் ஒத்துக்கறேன். ஆனா மீட்டர்னு சொன்னாலே நம்ம ஊர்ல கொடி புடிச்சுட்டு வந்துடுவாங்க, அதையும் சொல்லணும். கரண்ட் கட்டணத்தை எதிர்த்துப் போராடித் துப்பாக்கிச் சூட்டுல செத்த விவசாயிங்க இருக்கிற மாநிலம் இது. மீட்டர் வச்சா நாளைக்குக் காசு கேப்பாங்கன்ற பயம் வெறும் பயம் இல்ல.

சிப்காட்_ஃபிட்டர்

ராணிப்பேட்டைல இருந்து ஒரு குரல். நிலக்கரி நிலக்கரின்னு எல்லாரும் வில்லன் மாதிரி பேசறீங்க. எங்க ஊர்ல சோறு போடறதே அதுதான்.

ராணிப்பேட்டை பெல் (BHEL, மத்திய அரசு கம்பெனி) ஆலையில என்ன செய்யறாங்கன்னு பல பேருக்குத் தெரியாது. அனல் நிலையப் புகைபோக்கிக்கு முன்னாடி சாம்பலைப் பிடிச்சு நிறுத்தற மின்நிலைப் படிவிப்பான், ராட்சத ஃபேன், காத்தைச் சூடாக்கற ஏர் ப்ரீஹீட்டர். 1980கள்ல ஆரம்பிச்சது. அதை நம்பி சுத்துப்பட்டுல ஃபேப்ரிகேஷன் ஷாப்பு எத்தனை! நானும் அப்படி ஒரு சின்ன ஷாப்புலதான் தகடு வெட்டி, வெல்டு அடிச்சு வளர்ந்தவன். நடுவுல சில வருஷம் புது அனல் நிலையம் கிடையாதுன்ற மாதிரி ஆச்சு, எங்க பக்கம் ஷாப்பு ஷாப்பா ஷட்டர் இறங்குச்சு. அப்ப யாரும் "பசுமை வேலை" எதையும் எங்க வாசல்ல கொண்டு வந்து வைக்கல.

இப்ப திரும்ப 2031-32க்குள்ள குறைஞ்சது 80,000 மெகாவாட் புது அனல்னு மத்திய அரசே சொல்லுது, வேலை வருது. 2025ல நாட்டோட மொத்த நிறுவுதிறன்ல பாதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாததுன்னு கொண்டாடினாங்க. நிறுவுதிறன் வேற, உற்பத்தி வேற. இன்னமும் பத்து யூனிட்ல ஏழு யூனிட் கரியிலதான் வருது. ராத்திரிக்கு வேற வழி கண்டுபிடிக்கிற வரைக்கும் எங்க ஃபேன் சுத்தித்தான் ஆகணும்.

நான் சோலாருக்கு எதிரி இல்ல. எங்க மாவட்டத்துலயே எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஃபேக்டரி வந்திருக்கு, பனப்பாக்கத்துல டாடா கார் ஃபேக்டரிக்கு 2024 செப்டம்பர்ல அடிக்கல் போட்டாங்க. என் பையன் அங்க போகலாம். 48 வயசுல வெல்டிங் தவிர வேற தெரியாத நான் எங்க போறது? பேனலுக்கு அடியில போடற ஸ்ட்ரக்சர் கூட வெளி மாநிலத்துல இருந்து நட்டு போல்ட்டோட வந்து இறங்குது.

வெயிலூரான்

அண்ணா, கடைசி வரி முக்கியம். எங்க வீட்டு ஸ்ட்ரக்சர் காட்பாடியில ஒரு லேத்துக்காரர் அடிச்சுக் கொடுத்தது. ரெடிமேடு ஸ்ட்ரக்சர்ல பேஸ் ப்ளேட் மெல்லிசு, 2016 வர்தா புயல் மாதிரி ஒண்ணு வந்தா பிடுங்கிட்டுப் போயிடும்னு ஒரு பயம் எனக்கு. இங்க ஆள் இருக்கு, கேக்கறவங்கதான் குறைவு. மாடிவீடு சார், ஃபிட்டர் அண்ணாகிட்ட விலை கேளுங்க.

சிப்காட்_ஃபிட்டர்

தனிச் செய்தியில வாங்க சார். கால்வனைஸ் பண்ணித் தரேன், வெறும் பெயின்ட் அடிச்சது மூணு மழைக்குத் தாங்காது.

தோல்ஷாப்_சூப்பர்வைசர்

ஆம்பூர்ல இருந்து. கரண்ட்ன்னா எல்லாரும் கம்பியில வர்றதை மட்டும் பேசறீங்க. எங்க தொழில்ல பாதி செலவு சூட்டுக்கு.

1996ல உச்ச நீதிமன்றம் பாலாற்றுத் தோல் ஷாப்பு வழக்குல தீர்ப்பு சொன்னது உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு, கெடுத்தவனே செலவு ஏத்துக்கணும்னு வந்துச்சு, நாடு பூரா அதைத்தான் இன்னைக்கும் எடுத்துக் காட்டறாங்க. 2025 ஜனவரியிலயும் அதே நீதிமன்றம் திரும்ப ஒரு கடுமையான தீர்ப்பு சொன்னது. நியாயம்தான், எங்க பாட்டி ஊர்க் கிணத்துத் தண்ணியே வாயில வைக்க முடியாம போனது.

ஆனா இப்ப ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளிய விடக்கூடாதுன்னா என்ன பண்றோம் தெரியுமா? முதல்ல வழக்கமான சுத்திகரிப்பு. அப்புறம் ஆர்.ஓ. அதுல வடிகட்டி மிஞ்சற உப்புத் தண்ணியை எவாப்பரேட்டர்ல கொதிக்க வச்சு வத்த வைக்கணும். அதுக்கு பாய்லர், விறகு, கரண்ட். பாலாத்தைக் காப்பாத்த வானத்துக்குப் புகை விடறோம். கடைசியில மிஞ்சற உப்பு மூட்டையை எங்க கொட்டறதுன்னு வேற தெரியல.

பழைய முறை ஒண்ணு இருந்தது, இன்னும் இருக்கு. பச்சைத் தோலை முதல்ல ஊறப் போடற தண்ணிதான் உப்பு ரொம்ப அதிகம். அதைத் தனியாப் பிரிச்சு சிமென்ட் பாத்தியில நாலு விரல் உயரத்துக்கு விட்டு வெயில்ல காய விடறது. சித்திரை வெயில்ல சரசரன்னு இறங்கும், ஓரத்துல வெள்ளையா பொருக்கு கட்டும், மம்முட்டி வச்சு சுரண்டி எடுப்பாங்க. காசு இல்லாத சோலார் அதுதான். ஐப்பசியில மழை வந்தா பாத்தி நிரம்பி வழியும், அதுதான் அதோட வினை.

சாயம் ஏத்தற டிரம்முக்கு 50, 60 டிகிரி சுடுதண்ணி போதும். அதுக்குப் போய் விறகு பாய்லரை வச்சு நீராவி எடுக்கறது வீண். கூரையில சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டு முதல் சூட்டை அதுல ஏத்திக்கிட்டா விறகு லோடு குறையும். எங்க ஷாப்புல பேசிப் பாத்தேன். "இடம் எங்க, எவ்வளவு நாள்ல காசு வரும்"னு முதலாளி கேட்டார். கூரை ஆஸ்பெஸ்டாஸ், வெயிட்டு தாங்காது. அங்கயே நின்னு போச்சு.

காட்பாடி_ஜங்ஷன்

சூப்பர்வைசர் சார், டிரம் ஓடற நேரத்தைப் பகலுக்கு மாத்த முடியுமா? தொழிற்சாலை இணைப்புக்கு மாலை உச்ச நேரத்துல கூடுதல் கட்டணம் இருக்கே.

தோல்ஷாப்_சூப்பர்வைசர்

டானிங் டிரம் போட்டா ராத்திரி பூரா சுத்தணும், நடுவுல நிறுத்த முடியாது. எவாப்பரேட்டரும் அப்படித்தான், விட்டு விட்டு ஓட்டினா உப்பு ட்யூபுல அடைச்சுக்கும். ஆனா ஆர்.ஓ.வை மட்டும் பகல்ல ஓட்டி டேங்க்ல சேத்து வச்சுக்கலாம். ஃப்ளெஷிங் (சதையைச் சீவறது), ஷேவிங் (தோலை மெல்லிசாக்கறது) மிஷின் எல்லாம் பகல் ஷிஃப்ட்தான். அணைக்கட்டு அண்ணன் சொன்ன மாதிரி, எங்ககிட்டயும் நகர்த்தக்கூடியது கொஞ்சம் இருக்கு. பெரிய டேங்க் கட்டணும், அவ்வளவுதான்.

ஜவ்வாது_மலையடி

குறுக்கே வந்து கெடுக்கிறேன்னு நினைக்காதீங்க. துணைமின் நிலையம் பக்கத்துல சோலார்னு சுலபமா சொல்லிட்டீங்க. எந்த நிலத்துல? "தரிசு"ன்னு பேப்பர்ல இருக்கிறதெல்லாம் எங்க ஆடு மாடு மேயற புறம்போக்கு. வேலி போட்டுட்டா போச்சு. கமுதியில 2016ல 648 மெகாவாட் வந்தப்ப உலகத்துலயே பெருசுன்னாங்க. சுத்தி இருந்தவங்களுக்கு நிரந்தர வேலை எத்தனைன்னு கேட்டா சத்தமில்ல. முதல்ல பஸ் ஸ்டாண்ட், கலெக்டர் ஆபீஸ், காலேஜ், குடோன் கூரை எல்லாம் ரொப்புங்க. அப்புறம் மலையடிக்கு வாங்க.

பாலாற்றங்கரை

ஒப்புக்கொள்கிறேன். மேய்ச்சல் நிலத்தைத் தொடாமல் செய்ய இடம் இருக்கிறது. விவசாயியின் சொந்த நிலத்தில் ஒரு மூலையை வாடகைக்கு எடுப்பது நல்ல வழி. நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்துக்காக 2023ல் வளையமாதேவியில் கதிர் விட்ட நெல்லின் மேல் மண் அள்ளும் இயந்திரம் ஓடியது. அதற்குப் பிறகும் நிலம் என்றால் சோலாருக்கு மட்டும்தான் கேள்வி என்று நீங்கள் சொல்லவில்லை, தெரியும்.

கொணவட்டம்_டீக்கடை

இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு அந்த பேனல்ல என்ன பண்றது? குப்பையில போட்டா?

காட்பாடி_ஜங்ஷன்

2022 மின்னணுக் கழிவு விதிகள்ல பேனலையும் சேத்துட்டாங்க. தயாரிச்சவங்கதான் பொறுப்பு. முக்கால்வாசி கண்ணாடியும் அலுமினியமும், பழைய இரும்புக் கடைக்காரரே ஃப்ரேமுக்கு அடிச்சுக்குவார். பயப்பட வேண்டியது அவர் கண்ணாடியை உடைச்சுட்டு மிச்சத்தை எங்க எறியறார்னுதான். நம்ம ஊர்ல குரோமியக் கழிவை மலையா குவிச்சுட்டுப் போன அனுபவம் இருக்கு, அதனால இந்தக் கேள்வியை விடாம கேட்டுட்டே இருக்கணும்.

சத்துவாச்சாரி_மாடிவீடு

நிறைய கிடைச்சது, எல்லாருக்கும் நன்றி. ஃபிட்டர் அண்ணாகிட்ட பேசிட்டேன், ஸ்ட்ரக்சர் அவர்தான். வாஷிங் மெஷின், போர் மோட்டார், அயர்ன் எல்லாம் இனிமே பத்து மணிக்கு மேலதான்னு வீட்ல சட்டம் போட்டாச்சு, வாட்டர் ஹீட்டரை மட்டும் ஒத்துக்கல. ஏசியில 26 வைக்கலாம்னேன், மச்சான் வந்தா 20 வைப்பான்.

கடைசியா ஒண்ணு. எங்க போர்த்தண்ணி படு உப்பு. பக்கெட்டே வெள்ளை பூத்துக் கிடக்கு. பேனலைக் கழுவினா என்னாகும்?

வெயிலூரான்

கறை பிடிச்சு, அப்புறம் லேசுல போகாது. ஆசிட் போடவும் கூடாது. மழைத் தண்ணி பிடிச்சு வச்சிருந்தா அது, இல்லன்னா கார்ப்பரேஷன் தண்ணி. சூரியன் ஏறறதுக்கு முன்னாடி கழுவுங்க, சூடான கண்ணாடியில பச்சைத்தண்ணி ஊத்தினா விரிசல் விடலாம். மெல்லிசு துணி இல்லைன்னா ஸ்பாஞ்ச், வைப்பர் வச்சு அப்பவே தள்ளி விட்டுடணும், தானா காய விடாதீங்க.

குடியாத்தம்_அக்கா

வீட்டு ஆர்.ஓ.ல வெளிய போற தண்ணியை வீணாக்காம அதுக்கு எடுக்கலாம்னு நினைச்சுடாதீங்க தம்பி. உப்பு மொத்தமும் அதுலதான் இருக்கு. அதை பாத்ரூம் கழுவ வச்சுக்கோங்க.